நாவடக்கம் பற்றி ரெண்டே நிமிஷம்

நாவை அடக்குங்கள் என்று நாள் முழுதும் நாவை ஆட்டிச் சொல்கிற ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். இல்லை என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். கல்யாணப் பந்தியில் சூப் ஆறிக்கொண்டிருக்கும்போது எழுந்து நின்று, கரண்டியால் தம்ளரைத் தட்டி, தொண்டையைக் கனைத்து, ரெண்டு விரலை உயர்த்தி, "நான் பேச்சாளன் இல்ல, ரெண்டே நிமிஷம்" என்று ஆரம்பிப்பாரே, அவரேதான். அந்த ரெண்டு விரலை நம்பி அடுப்பில் எதையும் வைத்துவிட்டு வராதீர்கள். தீய்ந்துவிடும்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். "முடிக்கிறேன்" என்று மூன்று தடவை சொல்வார்கள். முதல் "முடிக்கிறேன்" வந்தால் பாதி தூரம் வந்தாயிற்று என்று அர்த்தம். ரெண்டாவது வந்தால் மரத்துப்போன காலை நீட்டிக்கொள்ளலாம். மூன்றாவது வரும்போது அவர்களுக்குப் புதிதாக ஒன்று ஞாபகம் வந்துவிடும். அப்புறம் என்ன செய்வது? காலை மடக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

மெல்பர்னில், கார்லைல் தெருவுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சின்ன யூத ஜெபக்கூடத்தில், இந்த இனத்தின் மிகச் சிறந்த மாதிரி ஹெஷல் விடாவ்ஸ்கிதான். தொப்பிக்கடை வைத்திருந்தவர். கடையில் ஒரு தொப்பி வாங்கப் போனால் தலைக்கு மேலே தொப்பியும் தலைக்கு உள்ளே தீர்க்கதரிசிகள் பதினைந்து பேரும் ஏறிக்கொள்ள, வீடு வந்து சேர மத்தியானம் ஆகிவிடும். கடையை மூடி ஓய்வு பெற்ற பிறகு தொப்பி விற்பது மட்டும்தான் நின்றது, பேச்சு நிற்கவில்லை.

நல்ல மனிதர். அதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாவம். யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் நோயாளிகள் சீக்கிரம் குணமாகி வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று டாக்டர்களே ஒப்புக்கொண்டதாகக் கேள்வி.

அவருக்குப் பிடித்த விஷயம் ஒன்றுதான்: பேச்சு. பேச்சு எப்படி ஆளைக் கொல்லும், எப்படி உயிர் கொடுக்கும், தீர்க்கதரிசி என்றால் யார், தலைவன் எப்படி வார்த்தையை அளந்து பேச வேண்டும். ஒரு தடவை புறம்பேசுவது எவ்வளவு பெரிய பாவம் என்று விளக்கினார். "பேரைச் சொல்லமாட்டேன், நாவுக்குக் காவல் வேணும். ஆனா ஒரு வீடு இருக்கு. பச்சைக் கேட்டு. ரெண்டு நாய்." கூடத்தில் எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பின. பச்சைக் கேட்டுக்காரர் அடுத்த வாரமே கேட்டுக்கு வெள்ளை அடித்தார். நாயை என்ன செய்வது?

பாவநிவிர்த்தி நாளில் இன்னும் விசேஷம். ஒரு பொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் நாள் முழுதும் விரதம் இருந்து, சாயங்காலம் யோனாவின் கதையை வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஹெஷல் எழுந்தார். யோனா நினிவே பட்டணத்தில் பேசியது எங்கள் எபிரேய மொழியில் ஐந்தே வார்த்தை. அந்த ஐந்து வார்த்தைக்கு ராஜா சிங்காசனத்தை விட்டு இறங்கினான், ஊரே மனம் திரும்பியது, ஆடுமாடுகூட விரதம் இருந்தது, சுருக்கமாகப் பேசுவதன் மகிமையைப் பாருங்கள் என்றார். ஐந்து வார்த்தையின் மகிமையைச் சொல்லி முடிக்க ஒரு மணி பத்து நிமிஷம் ஆயிற்று. அந்த நினிவே ஊர் மாடுகளுக்காக அன்றைக்கு நான் நிஜமாகவே பரிதாபப்பட்டேன்.

இவ்வளவும் தாங்கலாம். பேசுகிறவரைத் தாங்குவதுதானே ஜெபக்கூடத்தின் வேலை? ஆனால் இந்த இனத்துக்கு இன்னொரு குணம் உண்டு. அடுத்தவர் வாயில் இருக்கும் வாக்கியத்தையும் இவர்களே முடித்து வைப்பார்கள். நீங்கள் "நேத்து கடைக்குப் போனேன்" என்றால், "மீன் கிடைக்கலையா?" என்பார்கள். நீங்கள் போனது செருப்பு வாங்க.

இந்தக் குணம்தான் லைபிஷ் விஷயத்தில் வினையாக வந்தது.

லைபிஷ் தையல் மெஷின் ரிப்பேர் பார்ப்பவன். நாற்பத்தைந்து வயது, தனிக்கட்டை. நாக்குத் திக்கும். ராகம் போட்டு ஜெபம் சொன்னால் ஆற்றுநீர் மாதிரி ஓடும். சொந்த வார்த்தை பேசத் தொடங்கினால் கல்லில் இடிக்கும். அவனுடைய அம்மா பெர்ல் போன வருஷம் குளிர்காலத்தில் இறந்துபோனாள். வருஷம் முடிவதற்குள் பிள்ளை ஒரு சனிக்கிழமை, ஓய்வுநாளின் சாயங்காலம் கூடத்தில் நடக்கும் மூன்றாம் சாப்பாட்டுக்குச் செலவு ஏற்று, சபை முன்னால் அம்மாவைப் பற்றி நாலு வார்த்தை சொல்வது எங்களிடம் பழக்கம். சட்டம் இல்லை. ஆனால் சொல்லாவிட்டால் மனசு ஆறாது.

லைபிஷ் மூன்று தடவை எழுந்தான். முப்பதாம் நாள் முடிந்த வாரம் எழுந்து, "எங்கம்மா வெள்ளிக்கிழமை விளக்கு…" என்று நின்றான். "கண்ணீரோட ஏத்துவாங்க!" என்று ஹெஷல் எடுத்துக் கொடுத்தார். கொடுத்தவர் அதோடு விட்டாரா? கண்ணீரோடு விளக்கேற்றிய அந்தப் புண்ணியவதியைப் பற்றி நாற்பது நிமிஷம் தானே பேசினார். டிசம்பர் வெயிலில், மக்கபேயர் விளக்குப் பண்டிகையின்போது, மறுபடி எழுந்தான். பெர்ல் வாய் திறந்து ஒருவரையும் கடிந்துபேசாத சாது ஆகிவிட்டாள். பஸ்கா கழிந்து மூன்றாம் தடவை எழுந்தான். அன்றைக்கு அவள் சங்கீதப் புத்தகத்தை நெஞ்சில் அணைத்துக்கொண்டே உயிர்விட்டாள்.

பெர்லா? அழுகையா? மீன்கடைக்காரனே அவளைக் கண்டால் தராசை ஒரு தடவை துடைத்து வைப்பான். அந்த வாய் அவளுக்கு. செவ்வாய்க்கிழமை தவறாமல் ரம்மி ஆடுவாள், அதிலும் கள்ளாட்டம். சிரித்தால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். அவளைத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்கள்கூட, "பாவம் பெர்ல், எப்பேர்ப்பட்ட சாது" என்று தலையாட்ட ஆரம்பித்துவிட்டார்கள். லைபிஷ் அம்மாவை ஒரு தடவை மண்ணுக்குக் கொடுத்தான். ரெண்டாவது தடவை ஹெஷலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

இதை ஒருவர் ஹெஷலிடம் கேட்டுப் பார்த்தார். ஹெஷல் கோபப்படவில்லை. மகிழ்ச்சியாக விளக்கினார். மோசே தீர்க்கதரிசியே திக்குவாய்தான், அவருக்காகப் பேச ஆண்டவர் ஆரோனைத் துணைக்குக் கொடுக்கவில்லையா, அந்த மாதிரி லைபிஷுக்கு நான் என்றார். இதைச் சொன்னபோது அவர் கண் கலங்கியது. உண்மையாகவே கலங்கியது. அதுதான் கஷ்டம். பொய்க்காரனாக இருந்தால் சண்டை போடலாம். இவரை என்ன செய்வது?

அதற்கு வழி கண்டுபிடித்தது அவருடைய பெண்டாட்டி பிரைண்டல்.

பிரைண்டல் ஒல்லியான பெண்மணி, குரலும் ஒல்லி. முப்பத்தெட்டு வருஷம் ஹெஷலோடு குடும்பம் நடத்தியதில் தன் சொந்த வாக்கியத்தைப் பாதிக்கு மேல் அவள் சொன்னதே இல்லை. மிச்சப் பாதியை அவர் பார்த்துக்கொள்வார். வேறு விதமாகத்தான் முடிப்பார். திருத்திக்கொண்டிருக்க அவளுக்கு நேரமில்லை. ஆனால் பெர்லோடு செவ்வாய்க்கிழமை சீட்டாடியவள் அவள்தான். அந்த மேஜையில் அவள் தொடங்கிய பேச்சை அவளே முடித்தாள். பெர்ல் சீட்டில் ஏமாற்றுவாளே தவிர, பேச்சில் குறுக்கே விழமாட்டாள். அப்படிப்பட்டவளைச் சாது என்று சொல்லிச் சொல்லியே சாகடிக்கிறார்களே என்று பிரைண்டலுக்கு வயிறு எரிந்தது.

மெல்பர்னில் ஜூன் மாதக் குளிர் வந்தது. அடுத்த புதன்கிழமையோடு பெர்ல் போய் வருஷம் முடிகிறது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. அந்த வாரத்துப் பாடம் வேறு, மிரியாம் தன் தம்பி மோசேயைப் பற்றிப் பேசிக் குஷ்டம் பிடித்து ஏழு நாள் பாளையத்துக்கு வெளியே இருந்த கதை. பேச்சினால் வந்த கேடு! ஹெஷல் திங்கட்கிழமையிலிருந்தே தயாராகிக்கொண்டிருந்தார். குளிர்காலத்தில் பொழுது ஐந்தரைக்கே சாய்ந்துவிடும். மூன்று நட்சத்திரம் தெரிந்தால் ஓய்வுநாளும் மூன்றாம் சாப்பாடும் முடிந்தது, கால்பந்தில் யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆண்கள் வீட்டுக்கு ஓடிவிடுவார்கள். ஹெஷல் "ரெண்டே நிமிஷம்" என்று எழுந்தால் லைபிஷுக்கு வருஷம் போயிற்று.

வியாழக்கிழமை பிரைண்டல் கிழிந்துபோகாத ஒரு தலையணை உறையை எடுத்துக்கொண்டு, தைக்கிற சாக்கில் லைபிஷின் கடைக்குப் போனாள். போய்ச் சொன்னாள்: "சனிக்கிழமை எல்லாரும் கை கழுவட்டும். நீ கழுவாதே. செம்புப் பக்கமே போகாதே."

லைபிஷ் புரியாமல் பார்த்தான். பிறகு புரிந்தது. ரொட்டிக்கு முன்னால் ரெண்டு கைப்பிடிச் செம்பில் தண்ணீர் எடுத்துக் கையில் ஊற்றி ஆசீர்வாதம் சொல்லிவிட்டால், ரொட்டியைக் கடிக்கும்வரை ஒருவரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. உப்பு வேண்டும், ரொட்டி எங்கே என்று கேட்பது தப்பில்லை என்று மற்றவர்கள் சொல்வார்கள். ஹெஷல் அதுகூடக் கேட்கமாட்டார். இந்த ஒரு விஷயத்தில் அவர் இரும்பு. கல்யாணமான நாளிலிருந்து பிரைண்டல் வெள்ளிக்கிழமை ராத்திரிகளில் ரொட்டிக் கத்தியைக் காணோம் என்று தேடிக்கொண்டே இருப்பாள். கத்தி அவள் முன்னாலேயே இருக்கும். அந்த மூன்று நிமிஷ அமைதியில்தான் அவள் வாரக் களைப்பு தீரும்.

"அக்கா, அண்ணனுக்கு மனசு…" என்று லைபிஷ் நின்றான்.

"நோகும்" என்று சொல்ல பிரைண்டலுக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். பார்த்தீர்களா, இந்த வியாதி வீட்டில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் ஒட்டிக்கொள்ளும். அவள் தலையணை உறையின் ஓரத்தை நீவிக்கொண்டு காத்திருந்தாள்.

"…மனசு குளுந்து போகாதா, கடைசில?" என்று முடித்தான் லைபிஷ்.

அவள் நினைத்தது அது இல்லை. "அது எனக்குத் தெரியாதுப்பா. எனக்கு என் பெர்ல் வேணும், அவ்வளவுதான்" என்றாள்.

எங்கள் கூடத்துக் குரு ரபி நஃப்தாலிக்கும் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டுமே. அவருக்கு எண்பது வயது; தேவைப்பட்டபோது மட்டும் காது மந்தம். வெள்ளிக்கிழமை காலையில் போய், கை கழுவிய பிறகு ரொட்டி வரத் தாமதமானால் பாவமா என்று கேட்டாள். ரபி தாடியைத் தடவினார். கழுவின கை காத்திருக்கலாம், கழுவாதவன் பேசலாம், ரொட்டி எங்கே என்று தன்னைக் கேட்கக்கூடாது, தான் சமையல்காரன் இல்லை என்று மூன்று தீர்ப்பும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, காது கேட்காதவராக ஆகிவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம். மேஜையில் வெங்காயம் போட்ட முட்டை, ஊறவைத்த ஹெரிங் மீன், வெள்ளரிக்காய், எல்லாம் இருக்கிறது. ரொட்டி மட்டும் இல்லை. ரொட்டி எப்போதும் கடைசியில்தான் வரும் என்பதால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஹெஷல் எப்போதும் போல முதல் ஆளாகக் கை கழுவி, துடைத்து, ஆசீர்வாதம் சொல்லி, ரபிக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். முகத்தில் மிரியாம் தயாராக இருந்தாள். பின்னால் மற்றவர்கள் வரிசையாகக் கழுவினார்கள். நாற்பது பேரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

பிரைண்டல் சமையலறையில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். ரெண்டு பின்னல் ரொட்டியும் அவள் மடியில், துணிக்குக் கீழே, ரெட்டைக் குழந்தை மாதிரி. பரிமாறுகிற ஜன்னல் ஒரு விரற்கடை திறந்திருந்தது.

ஹெஷல் சமையலறைப் பக்கம் திரும்பி "ம்ம்?" என்றார். "ம்ம்! ம்ம்!" என்று கையால் ரொட்டி மாதிரி வளைத்துக் காட்டினார். ரபி கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது மேஜையின் கோடியில், கை கழுவாமல், லைபிஷ் எழுந்து நின்றான்.

"எங்கம்மா…" என்றான். நின்றான். கூடம் முழுதும் அவனையே பார்த்தது. "எங்கம்மா விளக்கேத்தும்போது அ… அழுததே இல்ல. தீக்குச்சி நமத்துப் போச்சுன்னா தி… திட்டுவா."

ஹெஷலின் கண் விரிந்தது. தலையை ஆட்டி, ரெண்டு கையாலும் கண்ணைத் துடைத்துக் காட்டினார்: அழுதாள், அழுதாள் என்று. லைபிஷ் அவரைப் பார்த்தான். "இல்லண்ணே" என்றான், அந்த ஒரு வார்த்தை மட்டும் திக்காமல் வந்தது.

செவ்வாய்க்கிழமை சீட்டைச் சொன்னான். பெர்ல் பாவாடை மடிப்பில் ராணியை ஒளித்து வைப்பாள் என்றான். நாற்பது பேருக்கும் சிரிப்பு வந்தது. வாயைத் திறக்கவும் பயம். மூக்கால் சிரித்தார்கள். மூக்கால் சிரிக்கிற ஜெபக்கூடத்தை நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள். மாட்டுத்தொழுவத்தில் மழை பெய்கிற மாதிரி இருக்கும். சமையலறையில் பிரைண்டல் மட்டும், அவள் கை கழுவவில்லையே, வாய்விட்டே சிரித்தாள்.

பிறகு லைபிஷ் சொன்னான்: "எனக்கு நாக்கு வராதுன்னு எல்லாருக்கும் தெரியும். எங்கம்மா என்னை ஒரு நாளும்…"

நின்றுவிட்டது. இந்தத் தடவை பலமாக இடித்தது. உதடு துடிக்கிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, வார்த்தை வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே முதல் நட்சத்திரம் தெரிந்தது. ஒருவரும் கால்பந்தை நினைக்கவில்லை. ஹெஷல் நாற்காலியில் பாதி எழுந்துவிட்டார். வாய்க்குள் வார்த்தை நிறைந்து கன்னம் உப்பிவிட்டது. பிரம்பால் அடிக்கிற மாதிரி கையை வீசி, 'அதைத்தானே, அடிச்சதே இல்லன்னுதானே?' என்று புருவத்தால் கேட்டார். இல்லை. நெஞ்சில் கை வைத்து, 'கைவிட்டதே இல்லன்னா?' அதுவும் இல்லை. பாவம், வேர்த்துவிட்டது அவருக்கு. அடுத்தவர் வார்த்தைக்காகக் காத்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அந்த மனிதருக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

பிரைண்டல் ரொட்டியை இறுகப் பிடித்துக்கொண்டாள். இப்போது எடுத்துக்கொண்டு போனால் லைபிஷ் தப்பித்துவிடுவான், உட்கார்ந்துவிடலாம். எழுந்தாள்கூட. மறுபடி உட்கார்ந்தாள்.

"…மு… முந்தினதே இல்ல" என்றான் லைபிஷ்.

அவனே தொடர்ந்தான்.

"அடுப்புல பால் பொங்கி வழியும். திரும்பமாட்டா. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் என் மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டு நிப்பா. எங்க வீட்டு அடுப்புல இன்னும் அந்தக் கறை இருக்கு. தொ… தொடைக்க மனசு வரல. அவ்வளவுதான்."

போய்க் கை கழுவினான்.

பிரைண்டல் ரொட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். ரபி கண்ணைத் திறந்து, ஆசீர்வாதம் சொல்லி, வெட்டி, உப்பில் தொட்டுக் கொடுத்தார். எல்லோரும் ஒரு வாய் கடித்தார்கள். இனி பேசலாம். ஆனால் எல்லோரும் ஹெஷலைப் பார்த்தார்கள். அவர் மென்றார். ரொம்ப நேரம் மென்றார். ரெண்டு விரலை உயர்த்தினார். எல்லோரும் காலை மடக்கிக்கொண்டார்கள். உயர்த்திய விரலைத் தானே ஒரு தடவை பார்த்தார். இறக்கி, முட்டைத் தட்டை லைபிஷ் பக்கம் தள்ளிவைத்தார். மிரியாமின் கதை அந்த வருஷம் எங்கள் கூடத்தில் பேசப்படவே இல்லை. அவளும் சந்தோஷப்பட்டிருப்பாள்.

வீட்டுக்கு நடக்கும்போது மூன்று தெரு வரைக்கும் ஹெஷல் பேசவில்லை. பிரைண்டலுக்குப் பயமே வந்துவிட்டது. நாலாவது தெரு முனையில், டிராம் தண்டவாளத்தைத் தாண்டும் இடத்தில், கேட்டார்:

"ரொட்டி எங்கே இருந்துச்சு?"

"என் மடியில."

அவர் தொப்பியைக் கழற்றினார். "அந்த ராணி விஷயம். நெசமா?"

"நெசந்தான். ஒரு தடவை நான் கையும் களவுமா…" என்று ஆரம்பித்தவள், சிரிப்பு வந்து நிறுத்திவிட்டாள்.

ஹெஷல் வாயைத் திறந்தார். மூடினார். சிக்னல் பச்சைக்கு மாறி, நடக்கிற ஆள் பொம்மை தெரிந்து, மறுபடி சிவப்பாகவும் ஆகிவிட்டது. அவர் அங்கேயே, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்தபடி நின்றார். முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக பிரைண்டல் அவரிடம் ஒரு வாக்கியத்தைக் கடைசி வரைக்கும் சொன்னாள். என்ன சொன்னாள் என்று கேட்காதீர்கள். அது அவருக்குச் சொன்னது.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அடுத்த சனிக்கிழமை எழுந்து நின்றார். "நான் பேச்சாளன் இல்ல. அடுத்தவங்க பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருக்கிறதோட மகிமையைப் பத்தி ரெண்டே நிமிஷம்." ஐம்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. நடுவில் ஒருவரையும் பேச விடவில்லை. ஆனால் பெர்ல் என்ற ரம்மிக்காரியை, வாயாடியை, பால் பொங்க விட்டவளை, உள்ளது உள்ளபடி சொன்னார். லைபிஷ் மூன்றாவது "முடிக்கிறேன்" வரைக்கும் சிரித்துக்கொண்டே கேட்டான்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இப்படியும் ஒரு மனிதர் இருப்பாரா, நல்லவேளை நமக்கு இந்தக் குணம் இல்லை என்று எண்ணிக்கொள்கிறீர்கள். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். லைபிஷ் அங்கே, "எங்கம்மா என்னை ஒரு நாளும்" என்று கழுத்து நரம்பு புடைக்க நின்றானே, அப்போது அவனுக்கு ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தீர்களே, அது என்ன வார்த்தை? கொடுக்கவில்லை என்று சொல்லாதீர்கள். உங்கள் உதடு அசைந்ததை நான் பார்த்தேன்.